பத்து மடையும் விரற்கடைக் களிம்பும்

புண் ஆறிய வரலாறு – 11

ஊர்ப் பலகையில் சேரன்மகாதேவி என்று இருக்கும். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கேட்பது சேர்மாதேவிக்கு ஒரு டிக்கெட். தமிழக அரசியல் வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் வ.வே.சு. ஐயரின் குருகுலமும் அங்கே பந்தியில் எழுந்த சாதிச் சர்ச்சையும் ஞாபகத்துக்கு வரும். அதைச் சொல்ல வேறு தொடர்கள் இருக்கின்றன. இந்த வாரம் நமக்கு வேண்டியது ஊரை ஒட்டி ஓடும் கன்னடியன் கால்வாய்.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி இரண்டுக்கும் அடுத்து வருவது கன்னடியன். அங்கே ஆற்றைவிட்டுப் பிரியும் கால்வாய் வீரவநல்லூர், சேர்மாதேவி, பத்தமடை என்று வழிநெடுக வயல்களை நனைத்தபடி கிழக்கே போகிறது. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி பசுவின் பின்னே நடந்து, அது போன வழியே வெட்டிய கால்வாய் என்பது ஊர்க் கதை. பத்து மடை இருந்த இடம் பத்தமடை ஆயிற்று என்பதும் ஊரார் சொல்வதுதான்.

கதை இருக்கட்டும். கால்வாய் வெட்டுவதைவிட மடை வைப்பதில்தான் பாசனக்காரனின் கெட்டிக்காரத்தனம் தெரியும். ஆற்றில் வரும் தண்ணீர் ஏராளம். நெல்லுக்கு வேண்டியதோ நடவிலிருந்து கதிர் முற்றும்வரை நாளுக்குக் கொஞ்சம். மடையை முழுக்கத் தூக்கிவிட்டால் முதல் வயலில் நாற்று மிதக்கும், கடைமடையில் மண் வெடிக்கும். எவ்வளவு தண்ணீர் என்பதோடு எவ்வளவு நாளைக்கு என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

மருத்துவம் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டது வெகு தாமதமாக. அந்தத் தாமதத்தின் கதைதான் இந்த அத்தியாயம்.

காலை ஒன்பது மணிவாக்கில் இந்தப் பள்ளத்தாக்கின் எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கட்டுப்போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரு காலில் செருப்பு, மறு காலில் கட்டு. அவர்களில் பலருக்குச் சர்க்கரை. வருஷக்கணக்கில் ரத்தத்தில் தங்கிய சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரக்கச் செய்திருக்கும். வயலில் இறங்கியபோது குத்திய முள் தெரியாது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். புண் பெரிதாகிவிட்டால் பாளையங்கோட்டை 'ஹைகிரவுண்டு' ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே போகிறவர்களுக்கு ஒரே பயம்தான்: விரலோடு நிற்குமா, காலையே எடுத்துவிடுவார்களா?

2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பு அது. அத்தனை பேரின் பாதங்களையும் நினைத்துப் பார்த்தால் ஆறாத புண் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

புண் தானாக ஆறுவது எப்படி? அறுபட்ட இடத்தில் உடல் சில புரதங்களைக் கசியவிடுகிறது. அவை பக்கத்துச் செல்களிடம் போய்ப் பெருகு, நகர், மூடு என்று சொல்கின்றன. வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர். முதலில் அகப்பட்டவற்றுள் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். எலியின் தாடைக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றினார். குட்டிகளின் கண்கள் வழக்கமான நாளுக்கு முன்பே திறந்துகொண்டன, பற்களும் முன்கூட்டியே முளைத்தன. எதிர்பாராமல் கண்ணில் பட்ட அந்த வேடிக்கையை அவர் விடவில்லை. 1962-இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்த விவரத்தை வெளியிட்டார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று அது பெயர் பெற்றது. 53 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சங்கிலி; இன்சுலினைவிட இரண்டே மணி கூடுதல். 1986-இல் ரீட்டா லெவி-மொந்தால்சினியோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாய் தன் புண்ணை நக்கியே ஆற்றிக்கொள்கிறது என்று நம் ஊரில் சொல்வார்கள். உமிழ்நீரில் இந்தப் புரதம் இருப்பது உண்மைதான். அதற்காக யாரும் புண்ணில் எச்சில் தடவ வேண்டாம்; அதில் கிருமிகளும் இருக்கின்றன.

மரபணுப் பொறியியல் வந்த பிறகு இந்தப் புரதத்தைத் தொட்டியில் வளர்க்கும் நுண்ணுயிர்களைக் கொண்டே வேண்டிய மட்டும் செய்துகொள்ள முடிந்தது. இந்தியாவில் அதைப் புண்ணுக்கான களிம்பாகக் கொண்டுவந்தது ஹைதராபாத்தின் பாரத் பயோடெக். அதை நிறுவிய கிருஷ்ணா எல்லா திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 'ரீஜென்-டி' என்ற பெயரில் இரண்டு வகை வந்தன: தீப்புண்ணுக்கு ஒரு கிராமில் 60 மைக்ரோகிராம் புரதம், சர்க்கரைப் புண்ணுக்கு 150 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் அந்தத் துளிப் புரதத்தைத் தாங்கும் நீர்க் களிம்பு.

இங்கேதான் மடையின் கதை தொடங்குகிறது. கோஹனையும் நோபலையும் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் களிம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்தத் தொடருக்காகப் படித்தவரையில், புண்ணின் பாதித் தலையெழுத்து அந்தக் களிம்பில்தான் இருக்கிறது.

களிம்பு என்று சொன்னாலும் இது எண்ணெய்ப் பிசுக்குள்ள பழைய காலத்துக் களிம்பைச் சேர்ந்ததல்ல. ஹைட்ரோஜெல் என்பார்கள். தண்ணீரைக் குடித்து ஊதிய ஒரு வலை. வலை நூல்கள் நீண்ட பாலிமர் சங்கிலிகள்; அவை அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சிட்டுக்கொண்டிருக்கும். கண்ணிகள் நிறையத் தண்ணீர். கையில் எடுத்தால் திடப்பொருள்போல நிற்கும், எடையில் பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கும்.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். நோன்பு மாதத்தில் பத்தமடையிலும் மேலப்பாளையத்திலும் வீட்டுக்கு வீடு கடல்பாசி காய்ச்சுவார்கள். தட்டில் முதலில் பால் கலந்த பாசியை ஊற்றி, உறைந்ததும் மேலே ரோஸ் நிறப் பாசியை ஊற்றுவது ஒரு பக்குவம். உடனே வில்லை போட்டால் இரண்டு நிறத்துக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு இருக்கும். ஒரு வில்லையை எடுத்துவைத்து மறுநாள் வெட்டிப் பாருங்கள். கோடு கலைந்திருக்கும். சிவப்பு கீழே இறங்கி, பால் பகுதியின் விளிம்பு இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். ஆனால் பாலின் வெண்மை ஒரு துளியும் மேலே ஏறியிருக்காது.

ஏன்? சாய மூலக்கூறு ஒரு நானோமீட்டர் அளவு. பாலுக்கு வெண்மை தரும் கேசின் புரத உருண்டைகள் அதைப்போல நூறு மடங்குக்கு மேல். கொழுப்புத் துளிகள் அதைவிடப் பெரியவை. பாசி வலையின் கண்ணி சின்ன மீனை விட்டுவிட்டுப் பெரிய மீனைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

இதே வேடிக்கையை 1861-இல் ஒரு பெரிய விதியாகப் பார்த்தவர் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் கிரஹாம். உப்பும் சர்க்கரையும் ஜெல்லிக்குள் தண்ணீரில் போவதுபோலவே புகுந்து போயின. பிசினும் முட்டை வெள்ளைக்கருவும் அநேகமாக நின்ற இடத்திலேயே நின்றன. பசைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து 'கொலாய்டு' என்ற பெயரை இந்த இரண்டாம் வகைக்கு அவர் வைத்தார். புரதம் பசையினம், ஜெல்லிக்குள் நகராது என்ற எண்ணம் அப்போது விழுந்தது. நூறு வருஷத்துக்கு அது அசையவில்லை.

அசைத்திருக்க வேண்டிய ஒரு சாட்சி நடுவில் வந்தது. 1948-இல் ஸ்வீடனின் அவுக்டர்லோனி அகார் தட்டில் இரண்டு குழி வெட்டி, ஒன்றில் ஒரு புரதத்தையும் மற்றதில் அதற்கான எதிர்ப்புரதத்தையும் விட்டார். இரண்டும் ஜெல்லுக்குள் ஊர்ந்து வந்து நடுவழியில் சந்தித்து வெள்ளைக் கோடு போட்டன. உலகமெங்கும் நோய் கண்டறியும் கூடங்களில் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். புரதம் ஜெல்லில் நடக்கிறது என்பதற்கு அதைவிடப் பச்சையான ஆதாரம் இல்லை. ஆனாலும் இப்படி நடக்கிற புரதத்தை மருந்தாக உடலுக்குள் நாள்கணக்கில் விடலாமே என்று யாரும் அதைப் பிடித்துக்கொண்டு கேட்கவில்லை.

அகார் என்றால் வேறெதுவுமில்லை, நம் கடல்பாசிதான். தாமிரபரணி புன்னைக்காயலில் கலக்கிற அதே மன்னார் வளைகுடாவில், வடக்கே ராமநாதபுரக் கரையோரப் பெண்கள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அகாருக்கு அது போகிறது. கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லும் பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் வரும். இந்த இரண்டாவது பொருளை மறந்துவிடாதீர்கள், மறுபடி வரும்.

உடலுக்குள் வைப்பதற்கென்றே செய்த முதல் ஹைட்ரோஜெல் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்தது. ஓட்டோ விக்டர்லே, த்ராஹோஸ்லாவ் லீம் என்ற இருவர் 1960-இல் 'நேச்சர்' இதழில் அதை அறிவித்தார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே வீட்டுச் சமையலறை மேஜைமேல், மகனின் விளையாட்டு இயந்திரப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துச் சுழற்றி முதல் மென்மையான கான்டாக்ட் லென்ஸ்களை வார்த்தார். கண் அதைப் பொறுத்துக்கொண்டது. தண்ணீர் நிறைந்த பொருளை உடல் பகைப்பதில்லை என்று தெரிந்தது.

பதினைந்து வருஷம் கழித்து அதே பாலிமர் பாஸ்டனில் ஒரு முயல் கண்ணுக்குள் போனது. ஜூடா ஃபோக்மன் அறுவை மருத்துவர். புற்றுக்கட்டி தனக்கு ரத்தக் குழாய்களை இழுத்துக்கொண்டுதான் வளர்கிறது, அதைத் தடுக்கும் பொருள் குருத்தெலும்பில் இருக்கலாம் என்று நம்பினார். அதைச் சோதிக்க 1974-இல் அவரிடம் வந்தவர் ராபர்ட் லாங்கர் என்ற இளம் வேதிப் பொறியாளர். சிக்கல் எளிமையானது. முயலின் விழிப்படலத்தில் வைத்த புரதம் ஒரே நாளில் கரைந்து போய்விடும். ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கிறதா என்று பார்க்க வாரக்கணக்கில் அது கசிந்துகொண்டிருக்க வேண்டும். பெரிய மூலக்கூறு பாலிமருக்குள்ளிருந்து வெளிவராது என்று வல்லுநர்கள் கையை விரித்தார்கள். லாங்கர் புரதத் தூளைப் பாலிமர் கரைசலில் கலந்து உறையவைத்தார். தூள் இருந்த இடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளைந்து நெளிந்த சந்துகளாக ஆயின. அந்தச் சந்துகளின் வழியே புரதம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. 1976-இல் 'நேச்சர்' இதழில் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் விக்டர்லேயின் பொருளும் உண்டு, வேறு பாலிமர்களும் உண்டு. நூறு நாளுக்கு மேல் வெளிவந்த புரதம், வேலை செய்யும் திறனையும் இழக்கவில்லை.

நூறு நாள். ஒரு குறுவை நெல்லின் ஆயுசு.

இந்த மெதுவான கசிவுக்கு ஒரு கணக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதுவும் களிம்புக்காகவே எழுதப்பட்டது. 1961-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த டக்கேரு ஹிகுச்சி, தோலில் தடவிய களிம்பிலிருந்து மருந்து எந்த வேகத்தில் வெளியேறும் என்று கணக்குப் போட்டார். வெளியேறிய அளவு நேரத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து போகிறது என்று வந்தது. முதல் மணியில் பத்தில் ஒரு பங்கு வெளியேறினால், பத்தில் இரண்டு பங்கு வெளியேற நாலு மணி ஆகும். மூன்று பங்குக்கு ஒன்பது மணி, நாலு பங்குக்குப் பதினாறு மணி, பாதிக்கு இருபத்தைந்து மணி. தொடக்கத்தில் அவசரம், பிறகு தளர்ச்சி.

காரணத்தைத் திருவிழாக் கூட்டத்தில் பார்க்கலாம். மண்டபத்தின் வாசலில் நிற்பவர்கள் முதலில் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே நிற்பவர்கள் முட்டிமோதி வர வேண்டும். மூலக்கூறுகளுக்கு வழி தெரியாது. குருட்டாம்போக்கில் அங்குமிங்கும் முட்டிக்கொண்டே நகரும். அப்படி நகர்கிறவற்றுக்கு இரண்டு மடங்கு தூரம் என்றால் நாலு மடங்கு நேரம். களிம்பின் கனத்தை இரட்டிப்பாக்கினால் வெளியேற நாலு மடங்கு நேரம் ஆகும் என்பதும் இதே கணக்குதான்.

ஆனால் வலைக்கண் எவ்வளவு பெரியது என்பது கணக்கை மாற்றும். மேல்தோல் வளர்ச்சிக் காரணியும் இன்சுலினும் இரண்டு மூன்று நானோமீட்டர் உருவம். ரத்தத்தில் நிறைய இருக்கும் ஆல்புமின் ஏழு. நோய் எதிர்ப்புரதம் பத்துக்கு மேல். கண்ணி இதைவிட மிகப் பெரிதாக இருந்தால் புரதம் தண்ணீரில் போவதுபோலப் போய்விடும். கண்ணி புரதத்தின் அளவுக்கு நெருங்கினால் நடை தளரும். அதைவிடச் சிறுத்தால் வலை அறுபடும்வரை சிறைதான்.

இதைச் சர்க்கரை நோய்க்கே பயன்படுத்திக் காட்டியவர்கள் உண்டு. 1980-இல் ஃபிராங்க்ளின் லிம், அந்தோனி சன் இருவரும் எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளை எடுத்து ஆல்ஜினேட் கரைசலில் கலந்தார்கள். அதைக் கால்சியம் நீரில் சொட்டுச் சொட்டாக விட்டதும் ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி மணிபோல உறைந்தது. மேலே இன்னொரு மெல்லிய உறை. சர்க்கரை நோய் உள்ள எலியின் வயிற்றில் அந்த மணிகளை வைத்தபோது இரண்டு மூன்று வாரம் அதன் சர்க்கரை சீராக இருந்தது. இன்சுலின் கண்ணி வழியே வெளியே வந்தது. செல்களைக் கொல்ல வரும் எதிர்ப்புரதத்தால் உள்ளே நுழைய முடியவில்லை. கட்டக்கோரை தரும் அதே பொருள் கதவுக்காரனாக நின்றது.

பரவுதல் ஒரு வழிதான். வலையே மாறுவது இன்னொரு வழி. பத்தமடைப் பாய் நெய்கிறவர்களைக் கேட்டால் ஊறுதல் என்றால் என்னவென்று சொல்வார்கள். காய்ந்த கோரையைக் கட்டாகக் கட்டி ஓடும் தண்ணீரில் ஒரு வாரம்வரை போட்டுவைப்பார்கள். எடுக்கும்போது அது மூன்று மடங்கு பருத்து, விரலுக்கு மெத்தென்று இருக்கும். பிறகு காயவைத்துக் கிழிப்பார்கள். காய்ந்த ஹைட்ரோஜெல்லும் அப்படியே. காய்ந்திருக்கும்போது சங்கிலிகள் நெருங்கிக் கிடக்கும், உள்ளே இருக்கும் புரதத்துக்கு நகர இடமில்லை. தண்ணீர் இறங்க இறங்க வெளி ஓரம் முதலில் ஊதும், ஊதிய இடத்திலிருந்து புரதம் கிளம்பும்.

மூன்றாவது வழி வலையே கரைந்துபோவது. இதில் சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் தாங்கும் கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு என்று சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954, 1955 ஆண்டுகளில் வந்த கண்டுபிடிப்பு அது. பக்கத்தில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களுக்குக் கொலாஜன் கொடுத்து உதவியது. அந்த முக்கயிற்றைக் கொதிநீரில் பிரித்துவிட்டால் கிடைப்பது ஜெலட்டின். ஆறினால் அது உறையும், உடலின் நொதிகள் அதை எளிதில் அரித்துவிடும்.

ஜப்பானின் கியோட்டோவில் யசுஹிகோ தபாத்தா இந்த அரிப்பையே மடையாக்கினார். காரத்தில் பதப்படுத்திய ஜெலட்டினில் எதிர்மின்னேற்றம் மிகுந்திருக்கும். ரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியில் நேர்மின்னேற்றம் மிகுந்திருக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் புரதம் கழன்று ஓடாது. நொதி ஜெலட்டினை அரித்த அளவுக்குத்தான் புரதம் வெளிவரும். முடிச்சுகளைக் கூட்டினால் அரிக்க நாளாகும், மருந்தும் அத்தனை நாள் நீடிக்கும். மடையின் பலகையை எவ்வளவு தூக்குவது என்று தீர்மானிப்பதைப்போல, எத்தனை முடிச்சு என்று வேதியியலாளர் தீர்மானிக்கலாம். இந்தக் கதையில் மனத்துக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுத்த ஒரு பழைய பசை, இத்தனை நுட்பமான வேலைக்கு வந்து நிற்கிறது.

மடை இல்லாமல் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. எலும்பை முளைக்கவைக்கும் பொருள் எலும்புக்குள்ளேயே இருக்கிறது என்று 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். பிறகு அந்தப் புரதத்தைத் தனியே செய்யக் கற்றார்கள். 2002-இல் அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவைக்கு அனுமதி கிடைத்தது. மாட்டுக் கொலாஜன் பஞ்சை மருந்தில் நனைத்து எலும்புக்கு நடுவே வைப்பார்கள். பஞ்சு புரதத்தை இறுக்கிப் பிடிக்காது. கணிசமான பகுதி ஆரம்பத்திலேயே வெளியேறிவிடும். அதை ஈடுகட்ட, உடலில் இயல்பாக இருப்பதைவிடப் பன்மடங்கு மருந்தை ஊற்ற வேண்டியிருந்தது. அனுமதிக்கப்படாத இடமான கழுத்தெலும்பிலும் சில மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். கழுத்துத் தசை வீங்கி மூச்சுக் குழாய் அடைபடும் அளவுக்குப் போனது. 2008 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பகிரங்கமாக எச்சரித்தது. புரதத்தின்மேல் குற்றமில்லை. அதைப் பிடித்துவைக்க வேண்டிய பஞ்சு பிடிக்கவில்லை.

மறுபடி சர்க்கரைப் புண்ணுக்கு வருவோம். ஒரே புரதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாடுகள் ஒரே சமயத்தில் இரண்டு வழியில் போன கதை இது.

இந்தியா களிம்பு வழியில் போனது. ராயபுரத்தில் 1954-இல் எம். விஸ்வநாதன் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனை பாத சிகிச்சைக்குப் பேர்போனது. அதைச் சேர்ந்த விஜய் விஸ்வநாதனும் வேறு ஊர் மருத்துவர்களும் சேர்ந்து, மேல்தோல் வளர்ச்சிக் காரணி உள்ள களிம்பைச் சர்க்கரைப் புண்களில் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்துள்ள களிம்பு பூசிய புண்கள் விரைந்து மூடின.

அதே 2006-இல் கியூபா தன் மருந்தைப் பதிவு செய்தது. ஹவானாவின் மரபணுப் பொறியியல் மையத்தில் செய்த அதே மனிதப் புரதம், பெயர் 'ஹெபர்ப்ராட்-பி'. அவர்கள் களிம்பை வேண்டாம் என்றார்கள். அவர்களின் வாதம் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. ஆறாத புண்ணின் மேற்பரப்பில் புரதத்தை அரிக்கும் நொதிகள் ததும்பிக்கிடக்கின்றன. சீழும் செத்த திசுவும் மூடியிருக்கின்றன. மேலே தடவிய புரதம் கீழே உயிருள்ள திசுவுக்குப் போய்ச் சேருமுன் அழிந்துவிடும். ஆகவே ஊசியால் புண்ணின் விளிம்பிலும் அடியிலும் நேரே ஏற்றினார்கள். ஒரு தடவைக்கு 75 மைக்ரோகிராம், வாரத்துக்கு மூன்று நாள்.

ஊசி வலிக்கும், ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். களிம்பு வலிக்காது, வீட்டிலேயே பூசலாம். இரண்டில் எது மேல் என்று முடிவு சொல்ல, இரண்டையும் ஒரே மாதிரிப் புண்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய அளவில் பார்க்க வேண்டும். இந்தியச் சோதனையில் நோயாளிகள் எண்ணிக்கை சிறியது. பத்துக் கோடிச் சர்க்கரை நோயாளிகள் உள்ள நாட்டில் அதை விரித்து நடத்த வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை ஆகாது.

களிம்பு வழியின் சிரமம் கட்டுப்போடும் அறையில் கண்ணுக்கு நேரே தெரியும். அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்ற இன்னொரு வளர்ச்சிக் காரணிக் களிம்பு உண்டு, பெக்காப்லெர்மின். அதன் உறையிலேயே கணக்கு அச்சிட்டிருக்கும். புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, நாலால் வகுக்க வேண்டும். நாலு சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம் என்றால் இரண்டு சென்டிமீட்டர் களிம்பு, ஏறக்குறைய ஒரு விரற்கடை. அதைப் பிதுக்கி, புண்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீராகப் பரப்ப வேண்டும். மேலே உப்புநீரில் நனைத்த துணி. பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு, களிம்பு இல்லாத ஈரத் துணியை மட்டும் வைக்க வேண்டும். அடுத்த நாள் மறுபடி களிம்பு. புண் சுருங்கச் சுருங்க அளவையும் மாற்ற வேண்டும். மருந்துக் குழாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள தளர்ந்த ஜெல்லில், சிறிய புரதம் தண்ணீரில் போவதுபோலவே போகும். ஹிகுச்சியின் கணக்கை வைத்துப் பார்த்தால், சில மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வெளியேறிவிடும். காலையில் பூசியது மாலைக்குள் காலி. மறுநாள் காலைவரை புண் வெறும் ஈரத்தில் கிடக்கிறது. விடிந்தால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு பெண்ணால் இந்த முறையை மூன்று மாதம் விடாமல் செய்ய முடியுமா? வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால்? வாரத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும் என்கிற ஜெல் அவளுக்குக் கிடைத்தால், அது விஞ்ஞானக் கட்டுரையில் வரும் சாதனையைவிடப் பெரியது.

அப்படிப்பட்ட ஜெல்லைத் தேடுகிற வேலை இப்போது பல ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. சிலர் வலைக்குள் ஹெப்பரின் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் கோக்கிறார்கள். பல வளர்ச்சிக் காரணிகள் அதை இயல்பாகவே பற்றிக்கொள்ளும், கழன்று விழ நாளாகும். சிலர் புண்ணில் ததும்பும் அதே நொதிகளையே சாவியாக்குகிறார்கள்: வலையின் முடிச்சுகளை அந்த நொதி மட்டும் வெட்டக்கூடிய துண்டுகளால் போட்டுவைத்தால், நொதி அதிகமாக இருக்கும் மோசமான புண்ணில் மருந்தும் அதிகமாக வரும், ஆறத் தொடங்கியதும் தானே குறையும். தண்ணீர் எங்கே வேண்டுமோ அங்கே தானாகத் திறக்கும் மடை என்று கன்னடியன் கால்வாய்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இன்னொரு தொல்லை பாக்கி. புரதம் உப்பைப் போன்றதல்ல. அதன் சங்கிலி ஒரு குறிப்பிட்ட விதமாக மடிந்து நிற்பதில்தான் வேலை. உடல் சூட்டில், ஜெல்லுக்குள், வாரக்கணக்கில் காத்திருக்கும்போது மடிப்புக் கலைந்து திரண்டுவிட்டால், வெளியே வந்தும் பயனில்லை. ஜெல் செய்கிறவர்கள் எத்தனை சதவீதம் வெளியேறியது என்று காட்டும் கோட்டை வரைந்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. வெளியேறியதில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும். லாங்கரும் ஃபோக்மனும் 1976-இலேயே அதைச் செய்தார்கள்.

ஒரு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடியலாம், எப்படியெல்லாம் மடிய முடியாது என்று ஒரே ஒரு படத்தில் வரைந்து காட்டியதும் சென்னையில்தான், 1963-இல். அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு கங்காருவின் வால் இருக்கிறது, கிண்டியில் ஒரு எக்ஸ்ரே கருவி இருக்கிறது, 1952-இல் வந்துபோன ஒரு வெளிநாட்டு விருந்தாளியின் ஒரு வார்த்தையும் இருக்கிறது. அடுத்த வாரம் கிண்டிக்குப் போவோம்.